ஏழு வார்த்தை, பத்துப் பத்து நிமிஷம்

அப்பாவின் பாமாலைப் புத்தகம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. முதுகு பிய்ந்து, காக்கி பிளாஸ்டர் ஒட்டி, அந்த பிளாஸ்டரும் பிசுபிசுத்துப் போன புத்தகம். பின்னட்டைக்கு முந்தின வெற்றுத் தாளில் பென்சிலால் ஒரு கணக்கு எழுதியிருக்கிறார். புதிதாகப் பார்ப்பவர்கள் பால் கணக்கு என்று நினைப்பார்கள். 1979 என்று போட்டு, கீழே ஒன்று முதல் ஏழு வரை வரிசையாக எண்கள்: 22, 19, 31, 41, 17, 25, 12.

அது பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக் கணக்கு. பகல் 12 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கு முடிய வேண்டியது. இயேசு சிலுவையில் தொங்கியபடி சொன்ன ஏழு வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கியார், நடுநடுவே பாட்டு, ஜெபம். எந்த வார்த்தைக்கு யார் எத்தனை நிமிஷம் எடுத்தார் என்று அப்பா குறித்து வைத்திருக்கிறார். கூட்டிப் பாருங்கள், பிரசங்கம் மட்டுமே 167 நிமிஷம். மூன்று மணி நேரத்தில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் மிச்சம் 13. அந்த வருஷம் கோயிலுக்குப் பின்னால் கஞ்சி ஊற்றத் தொடங்கும்போது மணி நாலை நெருங்கிவிட்டது என்று அம்மா சொல்வாள். நான்காம் வார்த்தைக்கு 41 நிமிஷம் எடுத்தவர் யார் என்று அப்பா எழுதவில்லை. நானும் எழுதப் போவதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. பாளையங்கோட்டையில் ஏப்ரல் வெயில். பெஞ்சின் வார்னிஷ் தொடையில் ஒட்டும். ஆச்சி வெள்ளைச் சேலை முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு, "சும்மா இருட்டி, ஆண்டவரு மூணு மணி நேரம் ஆணியில தொங்குனாரு, உனக்குப் பெஞ்சுல உக்கார முடியலயோ" என்பாள். அதற்கு மேல் என்ன பேச முடியும்?

இந்தப் பதிவு 18ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனைப் பற்றியது. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது.

24 வயதில் சென்னைக்கு வேலைக்கு வந்தேன். ஊரில் எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்த கொயர் மாஸ்டர் சார் கிளம்பும்போது ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தார். யாரோ பதிவு பண்ணிக் கொடுத்த நகல். மேலே அவருடைய சாய்ந்த கையெழுத்தில் 'ஹைடன், ஏழு வார்த்தை' என்று மட்டும். "லெந்து நாள்ல கேளு, மத்த நாள்ல கேட்டா தூங்கிருவ" என்றார். லெந்து என்றால் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். பெரிய வெள்ளியன்று ஹாஸ்டல் அறையில் போட்டுவிட்டுப் பாட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பாட்டே இல்லை. இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, இன்னும் பெரிய செல்லோ ஒன்று, அவ்வளவுதான். மெதுவாக ஒன்று முடிந்தது. அடுத்ததும் மெதுவாக. அதற்கடுத்ததும். பக்கம் திருப்பிப் போட்டேன். அதுவும் மெதுவாக. வார்த்தைகளைப் பற்றிய இசையில் ஒரு வார்த்தை கூட இல்லையே என்று எரிச்சல்தான் முதலில் வந்தது. சார் சொன்னபடி தூங்கவில்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு நான் சாதித்தது.

பிறகு பல வருஷம் கழித்துத்தான், ஹைடனே அந்த இசைக்கு எழுதிய முன்னுரையைப் படித்தேன். 1801ல் லைப்சிக்கில் அச்சான பதிப்பில் இருக்கிறது. என் கண் திறந்தது அங்கேதான்.

அவர் சொல்வது இது. சுமார் 15 வருஷத்துக்கு முன் ஸ்பெயினில் காதிஸ் நகரத்துக் குருவானவர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் எழுதினேன். அங்கே கதீட்ரலில் லெந்து காலத்தில் ஒரு வழக்கம். ஆலயத்தின் சுவர், ஜன்னல், தூண் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடிவிடுவார்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கு தொங்கும். நண்பகலில் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். பேராயர் பிரசங்க பீடத்தில் ஏறி முதல் வார்த்தையைச் சொல்லி, அதைப் பற்றிப் பேசுவார். பேசி முடித்ததும் இறங்கி வந்து பலிபீடத்தின் முன் முழங்கால் படியிடுவார். அந்த இடைவெளியை இசை நிரப்பும். பிறகு எழுந்து போய் இரண்டாம் வார்த்தை. மறுபடி இறங்கி முழங்கால். மறுபடி இசை. இப்படி ஏழு முறை.

அதாவது, பேசியவர் வாயை மூடிக்கொண்டு முழங்காலில் நிற்கிற நேரத்துக்கான இசை இது! வார்த்தை ஏற்கனவே சொல்லப்பட்டுவிட்டது, விளக்கமும் கொடுத்தாயிற்று. இனி யாரும் பேசக் கூடாது. அதனால்தான் பாட்டு இல்லை. எங்கள் ஊர் ஆராதனையில் இல்லாதது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. எங்களுக்கு ஒரு பிரசங்கியார் இறங்கும்போதே அடுத்தவர் ஏறத் தொடங்கிவிடுவார். அப்பாவின் பென்சில் கணக்கில் முழங்காலுக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

அதே முன்னுரையில் ஹைடன் ஒரு புலம்பலும் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் பத்து நிமிஷம் வருகிற மாதிரி ஏழு மெதுவான இசைகள், ஒன்றன்பின் ஒன்றாக, கேட்பவருக்கு அலுக்காமல் எழுதுவது லேசான காரியமில்லை. சொல்லப்பட்ட நேரத்துக்குள் என்னால் நிற்க முடியவில்லை என்கிறார். நேரம் தாண்டியதை அச்சிலேயே ஒப்புக்கொண்ட ஒரே ஆள் என்று அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. அப்பாவுக்கும் பிடித்திருக்கும்.

நிஜத்தில் அது நடந்த இடம் கதீட்ரல் இல்லை. 'சாந்தா குவேவா', புனிதக் குகை என்று பெயர். ரோசாரியோ தேவாலயத்தை ஒட்டித் தரைக்குக் கீழே இறங்கிப் போகிற சிற்றாலயம். ஒரு பக்திக் குழு அங்கே கூடிக்கொண்டிருந்தது. ஹோஸே சாயென்ஸ் தெ சாந்தா மரியா என்ற குருவானவர், அப்பாவிடமிருந்து வந்த பெரிய சொத்தை இதில் போட்டு அந்த இடத்தை எடுத்துக் கட்டினார். ஹைடனுக்குச் சொல்லி அனுப்பியவரும் அவர்தான். பின்னால் மேல்தளத்திலும் ஒரு ஆலயம் கட்டி, கோயாவை வைத்து ஓவியம் வரையச் சொன்னார். கீழே இசைக்கு ஹைடன், மேலே ஓவியத்துக்கு கோயா. கையில் காசு இருந்தது, ரசனையும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம்.

சம்பளத்தைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. காதிஸிலிருந்து ஒரு பெட்டி வந்ததாம், திறந்தால் சாக்லேட் கேக். இதற்கா இவ்வளவு உழைத்தேன் என்று ஹைடன் கோபத்தோடு வெட்ட, உள்ளே முழுக்கத் தங்கக் காசு. நடந்ததோ இல்லையோ, எங்கள் கொயரில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் ஒரு நிமிஷம் மௌனமாக இருப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கும் கேக் கொடுப்பார்கள். வெட்டிப் பார்த்திருக்கிறோம். திராட்சைதான்.

இதை ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதி முடித்தது 1786-87 வாக்கில். அடுத்ததாக 1787லேயே நால்வர் வாசிக்கிற மாதிரி சுருக்கினார். அதுதான் என் கேசட்டில் இருந்தது. பியானோவுக்கு யாரோ சுருக்கிக் கொடுத்ததையும் பார்த்துச் சரி என்றார். லண்டன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், இசைப் பழக்கமே இல்லாதவர் மனதிலும் இது ஆழமாகப் பதியும் என்று உறுதி சொல்கிறார். தன் சரக்கை விற்கிற கடிதம்தான், ஆனாலும் பொய்யில்லை.

எப்படிப் பதிய வைத்தார் என்பது வாசித்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

நாங்கள் நால்வர். முதல் வயலின், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு கத்தோலிக்கப் பிள்ளை. வயோலா, ரயில்வேயில் ஓய்வுபெற்ற அண்ணன். சென்னையில் வயோலா வாசிக்கிற ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் அவர் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். செல்லோ, மயிலாப்பூர் சைவக் குடும்பத்துத் தம்பி, கல்லூரியில் படிக்கிறான். இரண்டாம் வயலின் நான். வருஷா வருஷம் லெந்து காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டு ஹாலில் உட்காருவோம். மின்விசிறியை நிறுத்தினால் வேர்க்கும், போட்டால் நோட்ஸ் பறக்கும். துணி காயப்போடும் கிளிப் நாலைந்து ஸ்டாண்டிலேயே நிரந்தரமாக இருக்கின்றன.

முதல் நாள் அண்ணன் முதல் வயலினின் தாளைக் காட்டினார். ஒவ்வொரு பகுதியும் தொடங்குகிற இடத்தில், சுரங்களுக்குக் கீழே லத்தீனில் அந்த வார்த்தை அச்சாகியிருக்கிறது. 'பாத்தேர், திமித்தே இல்லிஸ்': பிதாவே, இவர்களுக்கு மன்னியும். அசைக்கு அசை சுரம் பொருந்துகிறது. பாடுகிறவர் இல்லை, ஆனால் வயலின் அந்த வாக்கியத்தைச் சொல்கிறது. நான் கேசட்டில் தேடிய பாட்டு அங்கேதான் ஒளிந்திருந்தது. அன்று முதல் நாங்கள் வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு வார்த்தையையும் நால்வரும் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வில்லைத் தூக்குவோம். செல்லோத் தம்பிக்கு லத்தீன் உச்சரிப்பு எங்களைவிடச் சுத்தம். சமஸ்கிருத சுலோகம் சொல்லிப் பழகிய நாக்கு.

இரண்டாவது, கள்ளனுக்குச் சொன்னது: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." அது சி மைனரில், சோகச் சாயலுள்ள சுர வரிசையில், ஆரம்பிக்கிறது. கேட்கிறவன் கள்ளன் அல்லவா, இருட்டில் நின்று கேட்கிறான். அதே மெட்டு பிறகு வெளிச்சமான சாயலுள்ள மேஜருக்கு மாறும்போது ஒன்றும் பெரிதாக நடக்காது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்தது போல இருக்கும். எனக்கு அங்கே ஓயாமல் ஓடுகிற சின்னச் சின்ன சுரங்கள். மேலே முதல் வயலின் பரதீசுக்குள் போய்க்கொண்டிருக்கும், நான் கீழே தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது தாய்க்கும் சீஷனுக்கும் சொன்னது. அழகானது, ஆனால் அதில் என் மனம் ஏனோ நிற்பதில்லை.

நான்காவது வேறு. "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" எஃப் மைனர். நடுவில் சில இடங்களில் நாங்கள் மூவரும் நிறுத்திவிடுவோம். முதல் வயலின் மட்டும் தனியாக, அடியில் தாங்க ஒரு சுரம் கூட இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். நோட்ஸில் எனக்கு அங்கே வெறும் ஓய்வுக் குறிகள்தான். வில்லை மடியில் வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். பக்கத்தில் ஒருத்தர் தனியாகத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது என்ன வேலை என்று ஒருமுறை அண்ணனிடம் கேட்டேன். "அதான் சிஸ்டர் வேலையே, சீஷங்க எல்லாம் அன்னைக்கு என்ன செஞ்சாங்க?" என்றார். நான்காம் வார்த்தைக்கு 41 நிமிஷம் எடுத்தவர் இதைச் சொல்லவில்லை என்பது நிச்சயம்.

ஐந்தாவது, "தாகமாயிருக்கிறேன்." லத்தீனில் ஒரே சொல், 'சித்தியோ'. அதற்கு ஹைடன் கொடுத்தது மேலிருந்து கீழே விழுகிற இரண்டு சுரம். எனக்கு இங்கே ஆரம்பத்தில் வில் கிடையாது. விரலால் கம்பியைச் சுண்ட வேண்டும். டக், டக், டக் என்று காய்ந்த சத்தம். அதற்கு மேலே அந்த இரண்டு சுரம் விழும், திரும்பவும் விழும். வீட்டில் தனியாகப் பழகும்போது இந்தச் சுண்டலை ஒழுகுகிற குழாய் என்று நினைத்து என் பையன் எழுந்து போய் பாத்ரூமைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். தாகத்தைப் பற்றிய இசையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்ச் சத்தம், எட்டாத தூரத்தில். ஹைடன் அதை நினைத்தாரா தெரியாது, எனக்கு இனி வேறு மாதிரி கேட்காது. திடீரென்று நால்வரும் வில்லைப் போட்டு அழுத்த வேண்டிய இடம் வரும். அப்போது அது தாகம் இல்லை, கோபம்.

ஆறாவது, 'கொன்சும்மாத்தும் எஸ்த்'. முடிந்தது. ஐந்து அசை, ஐந்து நீளமான சுரம், நால்வரும் ஒரே சுரத்தில், பலமாக. தமிழில் எழுத்துக் கூட்டிப் பாருங்கள்: மு, டி, ந், த, து. ஐந்து. இதை நான் சொன்னதும் செல்லோத் தம்பி, "அஞ்செழுத்து மேடம்" என்று சிரித்தான். அந்த ஐந்து சுரங்களும் பிறகு அடிப்பக்கத்துக்கு இறங்கிவிடும். மேலே வெளிச்சமான மெட்டு ஒன்று தொடங்கும். முடிந்தது என்பதைத் தோல்வியாகச் சொல்கிறாரா, வேலை முடிந்ததென்று பெருமூச்சு விடுகிறாரா என்று பிரசங்கியார்கள் 25 நிமிஷம் விவாதிப்பதை ஹைடன் மைனரில் தொடங்கி மேஜரில் முடித்துத் தாண்டிவிடுகிறார்.

ஏழாவதுக்கு வயலின்களுக்கு மியூட் மாட்ட வேண்டும். வயலின் கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர், அதன் தலையில் செருகுகிற சின்ன ரப்பர் துண்டு. சத்தம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." கடைசி வரிகளில் சத்தம் குறைந்து குறைந்து, வில் கம்பியில் இருக்கிறதா இல்லையா என்று வாசிக்கிற எனக்கே சந்தேகம் வரும். கை நடுங்கும். மெதுவாக வாசிப்பதுதான் கைக்குப் பெரிய தண்டனை. வேகமாக வாசித்தால் நடுக்கம் தெரியாது.

அது அடங்கியதும் பூகம்பம். இடைவெளி கிடையாது.

'இல் தெர்ரமோத்தோ' என்று தலைப்பு. ஏழு மெதுவான இசைக்குப் பிறகு, முழு பலத்தோடு மிக வேகமாக வாசி என்று குறிப்பு. மூன்று எஃப் போட்டிருக்கிறார். பலமாக என்பதற்கு ஒரு எஃப், ரொம்ப பலமாக என்பதற்கு இரண்டு. மூன்று போடுவது அந்தக் காலத்தில் அபூர்வம். ரப்பர் மியூட்டை உருவிவிட்டு உடனே பாய வேண்டும். முதல் வருஷம் நான் உருவினேன், அது தெறித்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. கண் அதன் பின்னால் போக, தாளம் ஒரு பக்கம் போக, நாலு பேரும் நாலு திசையில் விழுந்தோம். அந்தப் பகுதியில் எது முதல் அடி எது கடைசி அடி என்று கேட்பவருக்குப் புரியக் கூடாது என்றே எழுதியிருக்கிறார். வாசிப்பவருக்கும் புரியவில்லை. அண்ணன் மட்டும் கடைசி வரை தனியாக வாசித்து முடித்துவிட்டு, "நான் ஊர் போய்ச் சேர்ந்துட்டேன், நீங்கள்லாம் எந்த ஸ்டேஷன்ல நிக்கிறீங்க?" என்றார்.

அன்றைக்குத்தான் தம்பி கேட்டான்: "எல்லாம் முடிஞ்சு உயிரும் போயாச்சு. அப்புறம் எதுக்கு மேடம் பூகம்பம்?"

மத்தேயுவில் இருக்கிறது என்றேன். "பூமியும் அதிர்ந்தது, கன்மலைகளும் பிளந்தது." அது சரியான பதில்தான். ஆனால் எனக்கே போதவில்லை. அதனால் தேடிப் படித்தேன். படித்ததில் கிடைத்தது இது.

இந்த மூன்று மணி நேர ஆராதனை வழக்கமே பெரு நாட்டின் லிமா நகரத்தில் ஒரு பூகம்பத்துக்குப் பிறகு தொடங்கியது. 1687 அக்டோபரில் லிமா இடிந்தது, பக்கத்துத் துறைமுகத்தில் கடல் ஏறியது. அலோன்சோ மெஸ்ஸியா என்ற ஏசு சபைக் குருவானவர், உயிர் தப்பிய ஜனங்களைப் பெரிய வெள்ளியன்று நண்பகலிலிருந்து மூன்று மணி வரை உட்கார வைத்து ஏழு வார்த்தைகளையும் தியானிக்க வைத்தார். அங்கிருந்து அது கடல் கடந்து ஸ்பெயினுக்குப் போனது. காதிஸுக்கும்.

காதிஸ்காரர்களுக்கும் பூகம்பம் படித்துத் தெரிந்ததல்ல. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலை, லிஸ்பனை அழித்த அதே அதிர்வு காதிஸையும் குலுக்கியது. பின்னாலேயே கடல் மதில்களைத் தாண்டி வந்தது. மீனவர் குடியிருப்பான லா வீஞ்ஞா பகுதியில் ஒரு குருவானவர் மாதா கொடியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு எதிரே போய், "இதுவரைக்கும் போதும் தாயே" என்று சொல்ல, அலை நின்றது என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் 2004 டிசம்பருக்குப் பிறகு கேட்ட கதைகள் மாதிரியே இருக்கிறது.

1787ல் பெரிய வெள்ளியன்று கறுப்புத் துணி மூடிய அந்த நிலவறையில், கதவு சாத்தி, ஒற்றை விளக்கில் உட்கார்ந்திருந்தவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 1755 நினைவிருந்திருக்கும். தரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவான இசை. அப்புறம் இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாக அந்தச் சத்தம். ஹைடன் காதிஸுக்குப் போனதே இல்லை, எங்கோ எஸ்டெர்ஹாசி பிரபுவின் அரண்மனை வேலையில் இருந்தவர். அவருக்கு அது மத்தேயு வசனம். கேட்டவர்களுக்கு அப்படி மட்டும் இருந்திருக்காது.

19ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கம் இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபைக்குள்ளும் வந்துவிட்டது. திருநெல்வேலிக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆக, லிமாவில் பூமி ஆடியதால் நான் எட்டு வயதில் தொடையில் வார்னிஷ் ஒட்ட மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஆச்சிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லி என்னை அடக்கியிருப்பாள்.

ஹைடன் இதோடு விடவில்லை. 1790களின் நடுவில் லண்டன் பயணத்தின்போது பஸ்ஸாவ் நகரத்தில் தங்கியபோது, அங்கே யாரோ தன் இசைக்கு வார்த்தை போட்டுக் கொயரை வைத்துப் பாடுவதைக் கேட்டார். அந்த ஊர் இசைத் தலைவர் ஃப்ரீபெர்ட் செய்த வேலை. நானே செய்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பேன் என்று சொல்லிவிட்டு, வியன்னா போய் செய்தும் காட்டினார். 1796ல் அது பாட்டாக அரங்கேறியது. நடுவில், தாகத்துக்கு முன்னால், காற்று வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற புதுப் பகுதி ஒன்றைச் செருகினார். அது வெறுமையின் உச்சம். அதற்காக மட்டும் அந்த வடிவத்தைக் கேட்பேன். மற்றபடி எனக்குப் பாட்டு வேண்டாம். பேராயர் முழங்காலில் நிற்கிறார், கொயர் எழுந்து மறுபடி பேசத் தொடங்கிவிட்டால் அவர் எப்போதுதான் ஜெபிப்பார்? ஆனால் ஹைடனுக்கு அது பிடித்திருந்தது. 1803 டிசம்பர் 26 அன்று வியன்னாவில் ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்ட அவர் கடைசி முறையாக மேடையேறி நடத்தியது அதைத்தான்.

இந்த ஏழு வார்த்தைகளுக்கு இசை போட்டவர்கள் இன்னும் பலர் உண்டு. ஹைடனுக்கு 140 வருஷம் முன்பே ஜெர்மனியில் ஷூட்ஸ் எழுதியிருக்கிறார். இயேசு பேசும்போது மட்டும் தந்தி வாத்தியங்கள் அவரைச் சுற்றி நிற்கும். 1982ல் சோவியத் நாட்டில் சோஃபியா குபைதுலினா, செல்லோவையும் பயான் என்ற ரஷ்ய அக்கார்டியனையும் வைத்து எழுதினார். முடிவை நெருங்கும்போது செல்லோவின் வில் மெல்ல மெல்ல நகர்ந்து குதிரையை நெருங்கி, குதிரையையே தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். தம்பி ஒருநாள் செய்து காட்டினான். குதிரைக்கு அந்தப் பக்கம் சுரம் இல்லை, கீச்சென்று ஒரு மூச்சுதான். ஹாலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி காபி கொண்டுவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

போன வருஷம் நான் போகிற சபையில் துணிந்து கேட்டேன். மும்மணி ஆராதனையில் ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும் பிரசங்கியார் இறங்கி முழங்காலில் நிற்கட்டும், நாங்கள் வாசிக்கிறோம் என்று. ஏழையும் கேட்டால் கிடைக்காது என்று தெரியும், அதனால் முதலிலேயே மூன்று என்று குறைத்துச் சொன்னேன். கமிட்டி இரண்டு கொடுத்தது. அன்றைக்கு முதல் மூன்று பிரசங்கியார்களும் நேரம் தாண்டியதில் இரண்டு ஒன்றாகிவிட்டது. தாகம் மட்டும் வாசித்தோம், அதிலும் திருப்பி வாசிக்க வேண்டியதை விட்டுவிட்டு. நான் சுண்டத் தொடங்கியதும் முன் பெஞ்சில் ஒருவர் ஆலய ஊழியரான கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு மேலே காட்டினார். கூரை ஒழுகுகிறது என்று நினைத்தாராம். என் பையனுக்கு அந்தச் செய்தியைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

ஆனால் பிரசங்கம் செய்த ஐயர் (சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) இறங்கி வந்து நிஜமாகவே முழங்கால் படியிட்டார். நாங்கள் வாசித்து முடித்த பிறகும் சிறிது நேரம் எழுந்திருக்கவில்லை. அடுத்தவர் படியில் ஒரு கால் வைத்தபடி நின்றார். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே கஞ்சி அண்டாவை இழுக்கிற சத்தமும்.

இந்த வருஷம் ஐயரே கூப்பிட்டார். நான்காவதும் ஐந்தாவதும் ஏழாவதும் வாசிக்கச் சொன்னார். "அந்தப் பூகம்பம் வேண்டாம்மா, பெரியவங்க நிறையப் பேரு இருக்காங்க, பயந்துருவாங்க" என்றார். நான் அவருக்கு லிமாவைச் சொன்னேன். காதிஸைச் சொன்னேன். பாளையங்கோட்டைப் பெஞ்சையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அது எத்தனை நிமிஷம்?" என்றார்.

ரெண்டு நிமிஷம் கூட வராது ஐயர் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று அண்ணன் வீட்டில் அப்பாவின் பாமாலையை ஸ்டாண்டில் திறந்துவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தோம். எங்கள் வேகத்துக்கு இரண்டே முக்கால் வருகிறது, மியூட் தேடுகிற நேரம் சேர்க்காமல்.